சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே பிரேக் பேட் போதுமா?

வளைவுப்பிரியன்:
வணக்கம். என் கார் முன்சக்கர இயக்கம், டர்போ பெட்ரோல், எடை 1300 கிலோ. முன்னால் ஒற்றை பிஸ்டன் காலிப்பர் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் பேட்டை அழுத்துகிற கவ்வி), உள்ளே காற்று போகிற டிஸ்க். பின்னால் சாதாரண டிஸ்க். பேட் எல்லாம் வண்டியோடு வந்தவை. வார நாளில் அலுவலகம், விடுமுறையில் மலைப்பாதை, வருடத்தில் சில நாள் ரேஸ் டிராக்.

மலையில் பெரிய தொல்லை இல்லை. நீண்ட இறக்கத்தில் லேசாகக் கருகல் வாடை வரும், அவ்வளவுதான். டிராக்கில் முதல் சில சுற்று நன்றாகப் பிடிக்கிறது. அப்புறம் பெடல் வழக்கத்தைவிட நீளமாகப் போகிறது. போன முறை டிராக்கிலிருந்து வந்ததிலிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங்கும் ஆடுகிறது.

பேட் மாற்றலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது. ஒரு பெட்டியில் "0 முதல் 800 டிகிரி வரை" என்கிறார்கள். இன்னொன்றில் "பொதுச்சாலையில் பயன்படுத்தாதீர்" என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் வருவது இதே காரில்தான். சிக்னலுக்குச் சிக்னல் கீச்சிட்டால் என் பாடு திண்டாட்டம். ஒரே பேட்டில் இரண்டு வேலையும் நடக்குமா?

மூன்றாம்கியர்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது ப்ரோ? ஃபெரோடோ டிஎஸ்2500 போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். சாலைக்கும் டிராக்குக்கும் நடுவில் நிற்கிற பேட். கொஞ்சம் கத்தும். பாட்டை இன்னும் சத்தமாக வையுங்கள்.

வெப்பக்கணக்கு:
பேட் பெயருக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி. பெடல் நீளமாகப் போனபோது காலுக்கு எப்படி இருந்தது? மெத்தென்று அமுங்கிக் கீழே போனதா, இல்லை பெடல் கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்க மறுத்ததா?

இரண்டும் வேறு வேறு கோளாறு. பெடல் கெட்டியாக இருந்து வண்டி நிற்காவிட்டால் பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது, உராய்வு விழுந்துவிட்டது என்று பொருள். பெடல் அமுங்கினால் காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவி சேர்ந்திருக்கிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். உங்கள் கால் கொடுத்த விசை ஆவியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். இந்த இரண்டாவது கோளாறுக்கு பேட் மாற்றினால் தீராது. இன்னும் சூடு தாங்குகிற பேட்டைப் போட்டு, அந்த தைரியத்தில் இன்னும் தள்ளிப்போய் பிரேக் பிடித்தால் ஆயில் முன்பைவிடச் சீக்கிரம் கொதிக்கும்.

வளைவுப்பிரியன்:
மெத்தென்றுதான் போனது. இரண்டு தரம் மிதித்ததும் மேலே வந்தது. பிரேக் ஆயில் டிஓடி 4 தரம். கடைசியாக மாற்றி மூன்று வருடம் ஆகியிருக்கும்.

பட்டறைவாசி:
அப்படியானால் பாதிப் பதில் வந்துவிட்டது தம்பி. முதலில் ஆயில்.

டிஓடி 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது தரவிதி. ஆனால் இது ஈரத்தை இழுக்கிற ஆயில். ரப்பர் ஓஸ் வழியாகவும் ரிசர்வாயர் மூடி வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேரும். 3.7 சதவீதம் சேர்ந்தால் கொதிநிலை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு: வெறும் 155. இதே கணக்கில் டிஓடி 3-க்கு 205, 140. டிஓடி 5.1-க்கு 260, 180. டிராக்குக்கென்றே வருகிற ஆயில்களில் புதிதாக இருக்கும்போது 300-ஐத் தாண்டுபவை நிறைய. ஆனால் அவற்றையும் அடிக்கடி மாற்ற வேண்டும். மூன்று வருடம் போன ரேஸ் ஆயிலைவிட போன வாரம் ஊற்றிய நல்ல டிஓடி 4 மேல் என்பது என் கருத்து. ஒரே எச்சரிக்கை: டிஓடி 5 என்பது சிலிக்கோன் ஆயில், 5.1-க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. எண் பக்கத்தில் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள்.

ஆறியதும் பெடல் மேலே வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கவும் வேண்டாம். ஒரு தடவை கொதித்த ஆயில் அடுத்த தடவை கொதிக்க ரொம்ப யோசிக்காது. நான்கு சக்கரத்திலும் பழையதை முழுக்க வெளியே எடுத்து, குழாயில் சிக்கிய காற்றையும் எடுத்துவிடுங்கள்.

அப்படியே காலிப்பரைக் கழற்றும்போது, அது பக்கவாட்டில் நகர உதவுகிற ஸ்லைடு பின் இரண்டும் கையால் தள்ளினால் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒற்றை பிஸ்டன் காலிப்பரில் பின் இறுகினால் உள் பேட் மட்டும் தேயும், வெளிப் பேட் சும்மா உட்கார்ந்திருக்கும். பேட் ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிந்தும் ஆப்பு வடிவத்தில் தேய்ந்திருந்தாலும் காலிப்பரைச் சந்தேகப்படுங்கள். பட்டறைக்கு வருகிற பாதி "பேட் சரியில்லை" புகார் இந்த பின்னில்தான் முடிகிறது.

மூன்றாம்கியர்:
சரி, ஆயிலை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டீயரிங் ஆட்டம்? டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது. கடைசல் பிடித்தால் சரியாகிவிடும்.

பட்டறைவாசி:
எல்லோரும் சொல்வதுதான். ஆனால் டிஸ்க் உண்மையிலேயே வளைந்து நான் பார்த்தது அபூர்வம்.

பேட் டிஸ்க்கைப் பிடிப்பது இரண்டு விதம். ஒன்று, சுரண்டிப் பிடிப்பது. இன்னொன்று, பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கில் ஒட்டி, அந்தப் படலத்தோடு பேட் பற்றிக்கொள்வது. எல்லா பேட்டிலும் இரண்டும் நடக்கும், விகிதம்தான் மாறும். படலம் சீராக இருக்கும் வரை எல்லாம் நலம். கம்பெனி பேட்டை அதன் எல்லைக்கு மேல் சூடாக்கினால் பொருள் இளகித் திட்டுத்திட்டாக ஒட்டும். டிராக்கிலிருந்து நேராக உள்ளே வந்து, பிரேக்கை மிதித்தபடியே நின்றால் பேட் இருந்த இடம் டிஸ்க்கில் அப்படியே அச்சாகப் பதியும். டிஸ்க்கின் தடிமனில் 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே போதும், ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும்.

சீக்கிரம் கவனித்தால், கொஞ்சம் சுரண்டுகிற பேட்டைப் போட்டு முறையாகப் பழக்கினாலே திட்டு போய்விடும். விட்டுவிட்டால் அந்தத் திட்டு மட்டும் ஒவ்வொரு பிரேக்கிலும் அதிகம் சூடாகும். 650, 700 டிகிரியைத் தாண்டினால் அந்த இடத்தில் வார்ப்பிரும்பின் உள்ளமைப்பே மாறி சிமென்டைட் என்ற கெட்டிப் பொருள் உருவாகும். அதற்கப்புறம் கடைசல் பிடித்தால் சில நாள் நன்றாக ஓடும், பிறகு ஆட்டம் திரும்ப வரும். மேற்பரப்பைத்தான் சீவியிருக்கிறோம், கெட்டித் திட்டு உள்ளே இருக்கிறது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் டிஸ்க்கை மாற்றுவதுதான் மலிவு.

மூன்றாம்கியர்:
நான் கடைசல் பிடித்த டிஸ்க் இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் சரி.

வெப்பக்கணக்கு:
இப்போது பேட்டுக்கு வரலாம். சாலைக்கும் டிராக்குக்கும் உள்ள தூரத்தை எண்ணில் பார்த்தால்தான் ஏன் ஒரே பேட் திணறுகிறது என்பது புரியும்.

ஓட்டுநரோடு 1400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊருக்குள் 60 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் பிரேக்குக்குப் போகிற ஆற்றல் ஏறக்குறைய 0.19 மெகாஜூல். டிராக்கில் நேர்ப்பாதை முடிவில் 180-இலிருந்து 70-க்கு இறங்கினால் 1.5 மெகாஜூல். காற்றுத்தடை தின்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இதில் முக்கால் பங்கு முன்சக்கரத்துக்குப் போகிறது, முன் டிஸ்க் ஒன்று 7 கிலோ என்று கொண்டால், ஊருக்குள் ஒரு நிறுத்தத்துக்கு டிஸ்க்கின் சூடு 20 டிகிரி ஏறும். டிராக்கில் ஒரே மிதியில் 160 டிகிரி ஏறும். அது ஆறி முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அடிச்சூடு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய், ஏறுவதும் ஆறுவதும் சமமாகும் ஓரிடத்தில் நிற்கும். அந்த இடம் 350-ஆ, 500-ஆ, 650-ஆ என்பதுதான் உங்கள் பேட்டை முடிவு செய்கிறது. வண்டி எடை, டயரின் பிடி, டிராக்கின் அமைப்பு, ஓட்டுகிற விதம் எல்லாம் சேர்ந்து வருகிற எண் அது. அதனால்தான் இன்னொருவர் போட்ட பேட்டின் பெயர் நமக்கு அவ்வளவாக உதவாது.

சூட்டை அளக்கச் சுலபமான வழி வெப்பப் பெயிண்ட். டிஸ்க்கின் வெளி விளிம்பில் மூன்று பொட்டு வைத்தால் போதும். பொதுவாகக் கிடைக்கிற வகையில் பச்சை 430 டிகிரியில் வெளுக்கும், ஆரஞ்சு 560-இல் மஞ்சளாகும், சிவப்பு 610-இல் வெளுக்கும். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் உச்ச சூடு எந்த இரண்டு எண்ணுக்கு நடுவில் போனது என்று தெரிந்துவிடும்.

பெட்டியில் போடுகிற "0 முதல் 800" எனக்கு நம்பிக்கை தருவதில்லை. அந்த எல்லைக்குள் உராய்வு எப்படி மாறுகிறது என்கிற வளைகோடு இருந்தால் அதைப் பாருங்கள். சில பேட் 100 டிகிரியில் ஒரு பிடி, 400-இல் வேறு பிடி. காலுக்கு அது பெரிய தொல்லை. உச்சப் பிடி சற்றுக் குறைவாக இருந்தாலும் கோடு தட்டையாகப் போகிற பேட்டைத்தான் நான் எடுப்பேன்.

வளைவுப்பிரியன்:
அருமையான விளக்கம். பேட்டின் பின்தகட்டில் எஃப்எஃப், ஜிஜி என்று எழுதியிருக்கிறதே, அதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாதா?

வெப்பக்கணக்கு:
கொஞ்சம் உதவும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் குறியீடு அது. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது எழுத்து அதிகச் சூட்டில். இ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55, ஹெச் அதற்கு மேல். ஆனால் ஓர் அங்குலச் சதுரத் துண்டை வெட்டியெடுத்து ஆய்வகத்தில் தேய்த்துப் பார்த்து எடுக்கிற எண் இது. அதில் "அதிகச் சூடு" என்பது 343 டிகிரியோடு நின்றுவிடுகிறது. டிராக்குக்கு அது ஆரம்பம்தான். எஃப்இ என்று இருந்தால், சூட்டில் பிடி விழுகிறது என்று ஒதுக்கலாம். ஜிஜி என்று இருப்பதால் டிராக்கில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மழைச்சாலை:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லோரும் டிராக்கின் உச்சச் சூட்டையே பேசுகிறீர்கள் அண்ணா. ஆனால் அவர் வண்டி பெரும்பாலான நேரம் இருக்கப்போவது ஆறிய டிஸ்க்கோடு, பள்ளிக்கூட வாசலில்.

முழு டிராக் பேட் போட்ட வண்டியை நான் தினமும் ஓட்டியிருக்கிறேன். காலையில் முதல் தடவை பிரேக் மிதிக்கும்போது வண்டி யோசித்துத்தான் நிற்கும். மழையில் நனைந்திருந்தால் இன்னும் மோசம். அப்படிப்பட்ட பேட் சூடான பிறகுதான் படலத்தைப் பரப்பி ஒழுங்காகப் பிடிக்கும். குளிரில் அது டிஸ்க்கைச் சுரண்டுகிற வேலையைத்தான் செய்யும், டிஸ்க் கண்ணெதிரே தேயும். சக்கரத்தில் ஒட்டுகிற தூள் இரும்புத் தூள், நனைந்தால் துருப்பிடித்து பெயிண்ட்டில் இறங்கிவிடும். சத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குறுக்கே ஒரு குழந்தை ஓடி வருகிற அன்று பேட் 40 டிகிரியில்தான் இருக்கும். அந்த ஒரு நிறுத்தம்தான் முக்கியம்.

ஐரோப்பாவில் மாற்று பேட்டுக்கு ஆர்90 என்றொரு விதி உண்டு. கம்பெனி பேட்டின் செயல்திறனிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. ரேஸ் பேட் பெரும்பாலும் அந்த ஒப்புதல் வாங்குவதில்லை. அந்த விதி உள்ள நாடுகளில் அவற்றைச் சாலையில் ஓட்டினால் சட்டச் சிக்கல், விபத்து நடந்தால் காப்பீட்டுச் சிக்கலும் வரலாம்.

மூன்றாம்கியர்:
நான் ரேஸ் பேட் போடச் சொல்லவே இல்லையே. நடு ரகம்தான் சொன்னேன். நடு ரகத்தில் குளிர் பிடி நன்றாகத்தான் இருக்கும்.

மழைச்சாலை:
உங்களைச் சொல்லவில்லை. அவர் "0 முதல் 800" பெட்டியை வாங்கிவிடக் கூடாதே என்றுதான்.

வளைவுப்பிரியன்:
முன்னால் மட்டும் நல்ல பேட் போட்டுவிட்டுப் பின்னால் கம்பெனி பேட்டையே விட்டுவிடலாமா?

பின்அச்சு:
இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பதில்: பெரும்பாலும் விடலாம், ஆனால் என்ன மாறுகிறது என்று தெரிந்து விடுங்கள்.

முன் பேட்டின் பிடி கூடினால் அதே பெடல் அழுத்தத்தில் முன்சக்கரம் செய்கிற வேலையின் பங்கு கூடும். முன் டிஸ்க் இன்னும் சூடாகும், பின் டிஸ்க் சும்மா வரும். முழு அழுத்தத்தில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிப்போகாமல் பார்க்கிற ஏற்பாடு) வேலையில் இறங்கிவிட்டால் அதிக வித்தியாசம் தெரியாது. ஆனால் டிராக்கில் பிரேக்கை மெல்ல விட்டபடி வளைவுக்குள் நுழையும்போது வண்டியின் மூக்கு வெளியே தள்ளும், சுணக்கமாக உணர்வீர்கள். தலைகீழாகப் பின்னால் மட்டும் பிடியைக் கூட்டினால் அதே இடத்தில் வால் வெளியே வரும். முன்சக்கர இயக்க வண்டிக்கு வால் இயல்பிலேயே லேசு. அந்த விஷப்பரீட்சை வேண்டாம். என் விருப்பம்: முன்னும் பின்னும் ஒரே குடும்பத்து பேட், பின்னால் ஒரு படி மென்மையானது.

இன்னொரு சங்கதி, பலருக்குத் தெரியாது. இப்போதைய வண்டிகளில் சறுக்கல் கட்டுப்பாடும், வளைவில் உள்சக்கரத்தைத் தானாகப் பிடிக்கிற ஏற்பாடும் பிரேக்கைத்தான் பயன்படுத்துகின்றன. உங்கள் கால் பெடலில் இல்லாதபோதே பேட் தேய்ந்துகொண்டிருக்கும். டிராக்கில் முன் பேட்டுக்கு முன்னால் பின் பேட் தீர்ந்துபோன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டியில் அப்படி ஏற்பாடு இருந்தால் பின் பேட்டையும் அடிக்கடி எட்டிப் பாருங்கள்.

அப்புறம், முதல் பிடி ரொம்பக் கூர்மையான பேட்டும் சில வண்டிகளின் ஏபிஎஸ்ஸும் ஒத்துப்போகாது. பெடலைப் படாரென்று மிதித்தால் சக்கர வேகம் திடீரென்று விழுவதைப் பார்த்து, அடியில் பனியோ வழுக்குத் தரையோ இருக்கிறது என்று கணினி எடுத்துக்கொள்ளும். பெடல் மரக்கட்டையாகிவிடும், அழுத்தம் காலிப்பருக்குப் போகாது. அந்த நேரத்தில் பெடலைக் கொஞ்சம் விட்டு மறுபடி மிதித்தால் திரும்ப வரும். சொல்வது சுலபம், வளைவு நெருங்கும்போது காலைத் தூக்க மனசு வராது. பெடலை அடிக்காமல் வேகமாக அழுத்திக் கூட்டுகிற பழக்கம்தான் மருந்து.

மூன்றாம்கியர்:
துளை போட்ட டிஸ்க், பெரிய காலிப்பர் பற்றி யாரும் பேசவில்லையே?

பட்டறைவாசி:
துளை போட்டது பார்க்க அழகு. டிராக்கில் துளையைச் சுற்றி விரிசல் விடும். கோடு போட்டதோ வெறும் டிஸ்க்கோ போதும். பெரிய காலிப்பரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். டிஸ்க்குக்குக் காற்று போகிற குழாய் ஒன்று வைத்தால் அதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

வெப்பக்கணக்கு:
அதோடு இதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள பேட்டில் 80-இலிருந்து முழுதாக மிதித்தால் ஏபிஎஸ் இறங்குகிறதா? இறங்கினால் அந்த ஒரு நிறுத்தத்தின் தூரத்தைத் தீர்மானிப்பது டயர்தான். புது பேட்டோ பெரிய காலிப்பரோ அதைக் குறைக்காது. பத்தாவது சுற்றிலும் முதல் சுற்றின் பிடி இருக்க வேண்டும், அதற்குத்தான் நல்ல பேட்.

வளைவுப்பிரியன்:
ஏபிஎஸ் இறங்குகிறது. சரி, சாலைக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று என்று இரண்டு செட் வைத்துக்கொண்டால்? மாற்றுவது எவ்வளவு தொல்லை?

பட்டறைவாசி:
ஒற்றை பிஸ்டன் காலிப்பரில் முன் இரண்டையும் மாற்ற, கை பழகினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. தொல்லை அதில் இல்லை, டிஸ்க்கில் இருக்கிறது. ஒரு பேட்டின் படலம் இருக்கிற டிஸ்க்கில் வேறு குணமுள்ள பேட்டைப் போட்டால் இரண்டும் ஒட்டாமல் பிடி தடுமாறும், சில சமயம் ஆட்டமும் வரும். ஒரே தயாரிப்பாளரின் ஒத்துப்போகிற வகைகளை எடுத்தால் இந்தச் சிக்கல் குறையும். சிலர் டிஸ்க்கையும் சேர்த்து இரண்டு செட் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஓட்டத்துக்கு அது அதிகம் என்று தோன்றுகிறது.

எதைப் போட்டாலும் பழக்கிவிட்டு டிராக்குக்குப் போங்கள். காலிச்சாலையில் 90, 100-இலிருந்து 20 வரை, ஏபிஎஸ் இறங்காத அளவுக்கு அழுத்தி, முழுதாக நிற்காமல் எட்டுப் பத்து தடவை. பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். நடுவில் வாடையும் லேசான புகையும் வந்தால் பயப்பட வேண்டாம். பேட் தயாரிப்பாளர் வேறு முறை எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

மூன்றாம்கியர்:
இந்தப் பழக்குதல் எல்லாம் சடங்கு என்று நினைக்கிறேன். ஓட்ட ஓட்டத் தானாகப் பழகாதா?

பட்டறைவாசி:
அலுவலகம் போய்வருகிற பேட் தானாகப் பழகும். புது பேட்டை நேராக டிராக்குக்குக் கொண்டு போனால் உள்ளே இருக்கிற பிசின் முதல் தடவை கடுஞ்சூடு காணும்போது வாயுவாக வெளியேறும். அந்த வாயு பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் நிற்கும்போது பெடல் கெட்டியாக இருக்கும், பிடி இருக்காது. ஒரு தடவை அனுபவித்தால் சடங்கு என்று சொல்ல மாட்டீர்கள் தம்பி.

மழைச்சாலை:
ஒரு சின்ன இடைச்செருகல். பழைய பரிந்துரைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பேட்டில் சூட்டைக் கடத்தவும் உராய்வைச் சீராக வைக்கவும் தாமிரம் சேர்ப்பார்கள். அந்தத் தூள் நீர்நிலைகளில் சேர்ந்து மீன்களைப் பாதிக்கிறது என்று அமெரிக்காவில் கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்கள் 2010-இல் சட்டம் போட்டன. 2021 முதல் எடையில் 5 சதவீதத்துக்கு மேலும், 2025 முதல் 0.5 சதவீதத்துக்கு மேலும் தாமிரம் கூடாது. அந்தச் சந்தைக்காகப் பல தயாரிப்பாளர்கள் கலவையையே மாற்றினார்கள். பத்து வருடம் முன்பு ஒருவர் புகழ்ந்த அதே பெயர் பேட் இன்று வேறு கலவையாக இருக்கலாம்.

பின்அச்சு:
ஓட்டுகிற விதத்தையும் யாராவது சொல்ல வேண்டும். லேசாகவும் நீளமாகவும் பிடிப்பதைவிட, பலமாகவும் குறுகலாகவும் பிடித்துவிட்டு விடுவது நல்லது. ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் தேய்த்துக்கொண்டே இருந்தால் பேட்டுக்கும் காலிப்பருக்கும் ஆயிலுக்கும் சூடு இறங்க நேரம் கிடைத்துவிடும். நீண்ட மலை இறக்கத்திலும் இதே கதைதான். கியரைக் குறைத்து எஞ்சினால் பிடியுங்கள், தேவைப்படும்போது மட்டும் பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து விடுங்கள். டிராக்கில் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிட்டு உள்ளே வாருங்கள். நின்ற பிறகு ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

விளிம்புக் கல்லில் ஏறி இறங்கினால் சக்கர அச்சு அசைந்து டிஸ்க் பேட்டைப் பின்னால் தள்ளிவிடும், அடுத்த மிதி நீளமாகப் போகும். ஆயில் கொதித்துவிட்டது என்று பதறுவார்கள். நேர்ப்பாதையில் இடது காலால் பெடலை லேசாகத் தட்டிப் பாருங்கள். உடனே சரியாகிவிட்டால் அது ஆயில் இல்லை.

வளைவுப்பிரியன்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆயிலை மாற்றி, காற்று எடுத்து, பின்களுக்குப் புது கிரீஸ் போட்டாகிவிட்டது. இடது பக்கம் கீழ்ப் பின் இறுகித்தான் இருந்தது, பட்டறைவாசி அண்ணன் சொன்னது அப்படியே. வெப்பப் பெயிண்ட் பூசிக்கொண்டு பழைய பேட்டோடேயே டிராக்குக்குப் போனேன். பெடல் நாள் முழுக்க அமுங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசியிலும் பெடல் கெட்டியாக இருந்து பிடி குறைந்தது. பச்சை முழுதும் வெளுத்துவிட்டது. ஆரஞ்சு அப்படியே இருக்கிறது. ஸ்டீயரிங் ஆட்டமும் போகவில்லை.

வெப்பக்கணக்கு:
நல்ல தகவல். 430-க்கு மேல், 560-க்குக் கீழ். இப்போது பேட்தான் தோற்கிறது என்பது உறுதி. 500-ஐத் தொடுகிற சூட்டிலும் கோடு விழாத நடு ரக பேட் உங்களுக்குப் போதும், 700, 800 எல்லாம் வேண்டாம். மூன்றாம்கியர் முதலில் சொன்ன ரகம் இந்த எல்லைக்குள் வருகிறது. ஆனால் வெயில் நாளில், இன்னும் ஒட்டுகிற டயர் போட்டு ஓட்டினால் ஆரஞ்சும் மாறக்கூடும். அன்று மறுபடி பார்க்கலாம்.

மூன்றாம்கியர்:
இதைத்தானே இரண்டாவது பதிவிலேயே சொன்னேன்!

வெப்பக்கணக்கு:
சொன்னீர்கள். அவர் வண்டி 1800 கிலோவாக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.

வளைவுப்பிரியன்:
சிரித்துவிட்டேன். முன்னும் பின்னும் ஒரே குடும்பத்து நடு ரக பேட், முன்னால் புது டிஸ்க், அதே ஆயில். இதுதான் முடிவு. சாலையில் கொஞ்சம் சத்தம் வந்தால் வீட்டில் பேசிக்கொள்கிறேன். கடைசிச் சந்தேகம்: டிராக்கில் பேட் எவ்வளவு தேய்கிற வரை ஓட்டலாம்? பாதி தேய்ந்ததைத் தூக்கிப் போட மனசு வராது.

பட்டறைவாசி:
தூக்கிப் போட வேண்டாம். பேட் மெலிய மெலிய சூடு அதைக் கடந்து பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் சுலபமாகப் போகும். அதனால் டிராக்குக்குப் பாதித் தடிமனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியைச் சாலையில் ஓட்டித் தீர்க்கலாம். கழற்றும்போது பின்தகட்டில் இடது, வலது, உள், வெளி என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டால் மறுபடி பழக அதிக நேரம் ஆகாது. பிஸ்டனைத் தள்ளுவதற்கு முன் ரிசர்வாயரில் மட்டம் பாருங்கள், வழிந்தால் அந்த ஆயில் பெயிண்ட்டை உரித்துவிடும். பேட் போட்டு முடித்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடலைப் பல தடவை மிதித்து மேலே கொண்டுவந்துவிடுங்கள், முதல் மிதியில் அது தரை வரைக்கும் போகும்.